நாலு மணிக்கு ஒரு டேய்

நிலத்தடிக் குழாய் வாரியத்தின் தலைவர் ஒருநாள் காலையில் தம் கணினியைத் திறந்தார். அது திறக்கப் பதினோரு நிமிடம் ஆனது. அதற்கு முன்பும் பதினோரு நிமிடம்தான் ஆகிக்கொண்டிருந்தது. ஆனால் அதைத் திறந்து வைப்பது உதவியாளரின் வேலை. உதவியாளர் பல்வலி என்று விடுப்பு எடுத்த அந்த ஒரே காலைப்பொழுதில், வாரியத்தின் இருபதாண்டுச் சீர்கேடு தலைவருக்குத் தெரியவந்தது.

உடனே ஒரு குழு அமைத்தார். குழு தொண்ணூறு பக்கத்தில் ஓர் அறிக்கை கொடுத்தது. கணினிகளில் வேண்டாத மென்பொருள்கள் அடைந்து கிடக்கின்றன, யார் எப்போது எதற்கு நிறுவினார்கள் என்றே தெரியாமல் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன என்பது எண்பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. மீதிப் பக்கங்களில் குழு தனக்குத்தானே நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

இப்படித்தான் மென்பொருள் தூய்மை இயக்ககம் பிறந்தது. ஓர் இயக்குநர், இரண்டு துணை இயக்குநர்கள், ஒரு பாதுகாப்பு அலுவலர், ஒரு மொழி அலுவலர், நான்கு ஆய்வாளர்கள், ஐந்தாம் மாடியில் மொட்டை மாடியைப் பார்த்த அறை. இயக்ககம் செய்த முதல் காரியம், வாரியத்தின் முந்நூற்று நாற்பது கணினிகளிலும் ஆறு புதிய மென்பொருள்களை நிறுவியது. ஒன்று, மற்ற மென்பொருள்களை எண்ணுவதற்கு. இரண்டாவது, எண்ணியது சரிதானா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது, சரிபார்ப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பதற்கு. மற்ற மூன்றும் எதற்கு என்று கேட்டபோது, முதல் மூன்றுக்கும் துணைக்கு என்றார்கள்.

இதற்குப் பிறகு தலைவரின் கணினி திறக்கப் பதினாறு நிமிடம் ஆனது. நல்லவேளையாக உதவியாளரின் பல்வலி குணமாகிவிட்டிருந்தது.

இயக்ககத்தின் முதல் சுற்றறிக்கை ஐந்தாம் மாடியிலிருந்து அடித்தளத்துக்கு இறங்கிவர நான்கு நாள் பிடித்தது. அடித்தளத்தில் வரைபட அறை இருந்தது. மண்ணுக்கடியில் எங்கே எந்தக் குழாய் ஓடுகிறது என்று காட்டும் வரைபடங்கள் அங்கே இரும்பு அலமாரிகளில் சுருட்டி அடுக்கப்பட்டிருந்தன. தெருவைத் தோண்டுகிறவர்கள் தோண்டுவதற்கு முன் இங்கே வந்து வரைபடம் வாங்கிப் போகவேண்டும் என்பது விதி. தோண்டி, தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்த பிறகு, நனைந்த சட்டையோடு ஓடிவருவது வழக்கம்.

அந்த அறையில் இரண்டு மேஜைகளும் ஓர் ஆளும் உண்டு. ஆளுக்கு வயது ஐம்பத்தாறு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்றபடி அதை யாரும் வெளியே எடுத்ததில்லை. எந்தச் சந்தில் எத்தனை அங்குலக் குழாய் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று வரைபடத்தைப் பிரிக்காமலே சொல்லிவிடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'குழாய் சார்'. நாமும் குழாய் என்றே சொல்லுவோம். மரியாதையை வினைச்சொல்லில் வைத்துக்கொள்ளலாம்.

குழாய் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். தத்தம் கணினியில் உள்ள ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், வந்த நாள், வந்த காரணம், இது எந்த மென்பொருளை நம்பியிருக்கிறது, எந்த மென்பொருள் இதை நம்பியிருக்கிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் 'ஏதுமில்லை' என்றால் அந்த மென்பொருள் துணையற்றது. துணையற்றவை முப்பது நாளில் நீக்கப்படும்.

மற்ற பிரிவுகளில் இந்தச் சுற்றறிக்கையை வடை எண்ணெய் ஒற்றப் பயன்படுத்தினார்கள். குழாய் அப்படிப்பட்டவர் அல்ல. சுற்றறிக்கை என்று ஒன்று வந்தால் அதற்குப் பதில் எழுதவேண்டும் என்று நம்பிய கடைசித் தலைமுறை அவர். தவிரவும், அந்த மாதத்தில் அவருக்கு வந்த ஒரே கடிதம் அதுதான்.

உட்கார்ந்து எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு. ஏழு வருடத்துக்கு முன் பழைய இரும்புக்குப் போன அச்சு எந்திரத்தை இயக்குவதற்கு ஒன்று. அந்த எந்திரத்தில் மை தீர்ந்துவிட்டது என்று வாரம் ஒருமுறை எச்சரிப்பதற்கு இன்னொன்று. மூன்று கணக்குப்பொறிகள்; அவற்றில் ஒன்றுக்குக் கழித்தல் வராது. நிலாவின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டும் ஒன்று, சன்னலே இல்லாத அறையில். மென்பொருள்களை நீக்குவதற்கான மென்பொருள் ஒன்று, அதை நீக்குவதற்கு ஒன்று. ஆறு நாள் எழுதினார். இருநூற்று எண்பத்தேழாவது வரிசையில் 'நண்டு நாலுமணி' என்று ஒரு பெயர் வந்தது. அங்கே பேனாவை மூடி வைத்துவிட்டார்.

முன்பு எதிர் மேஜையில் இருந்தவர்தான் நண்டு. அலமாரிகளுக்கு நடுவே இருந்த சந்து குறுகல், அவர் உடம்பு அகலம், பக்கவாட்டில்தான் நடப்பார். பதினெட்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் இல்லை, ஒரே தெருக்காரர்களும் இல்லை; ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே நண்டு இவரை 'டேய்' என்று கூப்பிட்டார். அதற்கு முன்னனுமதி கேட்கவில்லை.

குழாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தில் குனிந்தால் நிமிரமாட்டார். எழுப்பி டீக்கு இழுத்துக்கொண்டு போவது நண்டின் வேலை. ஓய்வுபெறும் மாதத்தில் நண்டுக்கு அந்தக் கவலை வந்துவிட்டது. ஒரு மெல்லிய புத்தகத்தை வாங்கிவைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் இரண்டு வாரம் தட்டித் தட்டி, ஒரு சின்ன மென்பொருள் எழுதினார். அதைக் குழாயின் கணினியில் ஏற்றிவிட்டு, "நான் போயிட்டா உன்னை எவன்டா எழுப்புவான்? இது எழுப்பும்" என்றார்.

சரியாக நாலு மணிக்குத் திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில், 'டேய் குழாய், எந்திரி. டீ.' என்று இருக்கும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, 'வரேன்'. இன்னொன்று, 'இருடா'. 'இருடா' என்று அழுத்தினால் பத்து நிமிடம் கழித்து, 'பத்து நிமிஷம் ஆச்சுடா' என்று வரும். அப்போதும் 'இருடா' என்றால் இன்னும் பத்து நிமிடத்தில், 'செத்துட்டியா?' என்று கேட்கும்.

ஓய்வுபெற்ற எட்டாம் மாதம் நண்டு இறந்துபோனார். அன்றும் நாலு மணிக்குக் கட்டம் வந்தது. அதிலிருந்து குழாய் 'இருடா' பொத்தானைத் தொடுவதே இல்லை. முதல் அழைப்பிலேயே 'வரேன்' என்று அழுத்திவிட்டு எழுந்துவிடுவார். போய் நின்று தனியாக ஒரு டீ குடித்துவிட்டு வருவார். அவ்வளவுதான். ஐந்து வருடமாக இது நடந்துகொண்டிருந்தது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஒரு மனிதரை உலகம் எப்படியெல்லாம் கூப்பிடுகிறது என்று கணக்கெடுத்தால் தெரியும். குழாயை வாடகை வீட்டின் சொந்தக்காரர் 'சார்' என்பார். ஞாயிறு தோறும் வெளியூரிலிருந்து பேசும் தங்கை 'அண்ணா' என்பாள், அவள் மகன் 'மாமா' என்பான், அதுவும் அம்மா கையைக் கிள்ளினால். மருத்துவமனையில் 'டோக்கன் நாப்பத்திரெண்டு'. பேருந்தில் 'பெரியவரே'. அப்பா இருந்தவரை 'டேய்' என்றார். அண்ணன் இருந்தவரை 'டேய்' என்றான். மனிதனுக்கு வயது ஏற ஏற மரியாதை கூடிக்கொண்டே போகிறது, 'டேய்' சொல்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். கடைசியில் குழாய்க்கு மிஞ்சியது நாள் ஒன்றுக்கு ஒரு டேய், அதுவும் நாலு மணிக்கு, அதுவும் வேலை நாட்களில் மட்டும்.

பேனாவைத் திறந்து, 'எந்த மென்பொருள் இதை நம்பியிருக்கிறது' என்ற இடத்தில் 'நான்' என்று எழுதினார்.

அடுத்த வாரம் ஆய்வாளர் அம்மா நேரில் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவக் கட்டு, காலில் கடகடக்கும் செருப்பு. முந்நூற்று நாற்பது கணினிகளில் ஒழுங்காகப் படிவம் நிரப்பியிருந்த ஒரே கணினி இதுதான் என்பதால், இதிலிருந்துதான் தூய்மையைத் தொடங்க முடியும் என்று இயக்ககம் முடிவெடுத்திருந்தது.

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க சார். இருநூத்தி எண்பத்தேழுலதான் ஒரு தப்பு."

"என்ன தப்பு மேடம்?"

"இதை எது நம்பியிருக்குன்னு கேட்டா, 'நான்'னு போட்டிருக்கீங்க."

"ஆமா. நான்தான்."

"நீங்க மென்பொருள் இல்லையே சார்."

குழாய் கொஞ்சம் யோசித்தார். "இல்லை" என்று ஒத்துக்கொண்டார்.

"அப்போ கணக்குல வராது. மனுஷங்க நம்பியிருக்கிறதெல்லாம் இந்தப் படிவத்துல சேர்த்தி இல்லை. அதுக்குப் படிவமே இல்லை." அவர் குரலில் கடுமை இல்லை. மழை வந்தால் நனையும் என்று சொல்கிற குரல். "துணையற்றதுன்னு குறிச்சுக்கறேன். முப்பது நாள் இருக்கு."

"மேடம், இதை வேற எங்கயாவது எடுத்து வச்சுக்க முடியுமா? வீட்டுக்கு?"

"கணினியில பென்டிரைவ் செருகற துளையெல்லாம் போன வருஷ சுற்றறிக்கைப்படி பசை ஊத்தி அடைச்சாச்சே சார். வாரிய மென்பொருள் வெளியே போகக் கூடாது."

"இது வாரிய மென்பொருள் இல்லையே."

"வாரியக் கணினியில இருக்கிற வரைக்கும் வாரியத்தது. நீக்கிட்டா யாருடையதும் இல்லை" என்று சொல்லி, படியேறிப் போனார்.

இந்தச் செய்தி எப்படியோ மேலே பரவி, அன்று மாலையே தபால் பிரிவுக்காரர் இறங்கி வந்தார். வாரியத்தில் அவருக்கு இரண்டு பொறுப்புகள்: தபால் பிரிப்பது, கணினியில் சீட்டாடுவது. இரண்டாவதை ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

"குழாய்ண்ணே, வழி இருக்கு. எதை எது நம்பியிருக்குன்னு நாமதானே எழுதறோம்? என் சீட்டாட்டத்தை உங்க நண்டு நம்பியிருக்குன்னு எழுதிடுறேன். உங்க நண்டை என் சீட்டாட்டம் நம்பியிருக்குன்னு நீங்க எழுதிடுங்க. ரெண்டும் துணையோட இருக்கும்."

"பொய்யாச்சே?"

"அண்ணே, கல்யாணப் பத்திரிகையிலகூடத்தான் 'பெரியோர்கள் நிச்சயித்தபடி'ன்னு போடுறோம். எழுதுங்கண்ணே."

குழாய் எழுதினார். வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் பொய் அது, கையெழுத்து கோணியிருந்தது. ஆனால் இந்த யோசனை தபால் பிரிவுக்காரர் ஒருவருக்கு மட்டும் வந்ததல்ல. ஒரே வாரத்தில் கணக்குப் பிரிவின் சதுரங்கம் பொறியாளர் பிரிவின் வானொலியை நம்பியது. வானொலி, தட்டச்சர் அம்மாவின் ராசிபலனை நம்பியது. ராசிபலன், நிலா காட்டும் மென்பொருளை நம்பியது. இந்தக் கடைசி ஒன்றில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருந்தது. பதினைந்தாம் நாள் எண்ணிப் பார்த்தபோது வாரியத்தில் துணையற்ற மென்பொருள் ஒன்றுகூட இல்லை. இயக்குநர் ஆடிப்போய்விட்டார். அன்றே ஒரு சுற்றறிக்கை வந்தது:

'ஒன்றையொன்று நம்பி வாழும் போக்கு இவ்வாரியத்தில் வேகமாகப் பரவி வருவதை இயக்ககம் மிகுந்த வருத்தத்துடன் கவனிக்கிறது. இப்போக்கு ஒழுங்கிற்கு எதிரானது. நாளை காலை பத்து மணி முதல் அனைத்து நம்பிக்கைகளும் ரத்து செய்யப்படுகின்றன.'

ரத்தானது. சீட்டாட்டம் போயிற்று, ராசிபலன் போயிற்று. தபால் பிரிவுக்காரர் மூன்று நாள் துக்கம் அனுசரித்துவிட்டு, நான்காம் நாள் நிஜச் சீட்டுக்கட்டு வாங்கிவந்தார். குழாய் மேல்முறையீடு செய்திருந்ததால் நண்டு நாலுமணி மட்டும் விசாரணைவரை உயிரோடு இருந்தது. வாரியத்தின் வரலாற்றில் மேல்முறையீட்டுப் படிவம் ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.

விசாரணை ஐந்தாம் மாடியில், மூன்றரை மணிக்கு. சம்பந்தப்பட்ட மென்பொருளை நேரில் ஆஜர்படுத்த வேண்டும் என்று விதி. குழாய் தம் கணினியைத் தள்ளுவண்டியில் வைத்து, வரைபடம் சுற்றும் துணியால் போர்த்தி, பிரசவத்துக்குக் கூட்டிப்போகிறவரைப்போல ஒவ்வொரு மாடியாக ஏற்றிக்கொண்டு போனார். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் இயக்குநர், வலப்பக்கம் பாதுகாப்பு அலுவலர், இடப்பக்கம் மொழி அலுவலர். மூலையில் குறிப்பேட்டோடு ஒரு குறிப்பெடுப்பவர்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இந்த இயக்ககம் எதையும் அழிக்கிறதுக்காக வந்தது இல்லை. எது தேவை, எது தேவையில்லைன்னு பார்க்க வந்தது. என்னையே எடுத்துக்கங்க. எனக்கு முன்னாடி இந்தப் பதவியே கிடையாது. வாரியம் நாப்பது வருஷம் நான் இல்லாமலே நடந்திருக்கு. ஆனா இப்போ பாருங்க, நான் கையெழுத்துப் போடலைன்னா ஒரு கணினிகூடத் திறக்காது. தேவைங்கறது இப்படித்தான் உருவாகும்."

மற்ற இருவரும் தலையசைத்தார்கள். நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. எல்லோரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதுகாப்பு அலுவலர் ஒருமுறை தும்மினார். அது குறிப்பேட்டில் பதிவானது.

நாலு மணி. கட்டம் வந்தது. 'டேய் குழாய், எந்திரி. டீ.'

பழக்கதோஷத்தில் குழாய் எழுந்து நின்றுவிட்டார்.

"உட்காருங்க" என்றார் இயக்குநர்.

மொழி அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "இந்த 'டேய்' யாரைப் பார்த்துச் சொல்லப்படுது?"

"என்னைத்தான் சார்."

"ஒரு நிரந்தரப் பணியாளரை, வாரியக் கணினி, வேலை நேரத்துல, 'டேய்'னு கூப்பிடுது. அஞ்சு வருஷமா நீங்க புகார் கொடுக்கலை."

"கொடுக்கலை சார்."

"தலைவர் ஒருநாள் உங்க அறையைப் பார்வையிட வந்து, இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா? அவரையும் 'டேய்'னு கூப்பிட்டிருக்குமா?"

குழாய் நேர்மையாக யோசித்தார். "நாலு மணிக்கு உட்கார்ந்திருந்தா கூப்பிட்டிருக்கும் சார்."

இயக்குநரின் முகத்தில் ஒரு கணம் என்னமோ வந்து போனது. அதைச் சிரிப்பு என்று சொல்ல ஆதாரம் இல்லை. பாதுகாப்பு அலுவலர், எல்லாப் பொத்தான்களையும் சோதிக்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று சொல்லி, எட்டி 'இருடா'வை அழுத்தினார்.

"சார், அதை வேண்டாம்" என்றார் குழாய். அழுத்தியாகிவிட்டது.

பத்து நிமிடம் காத்திருந்தார்கள். 'பத்து நிமிஷம் ஆச்சுடா.' மறுபடி 'இருடா'. இன்னொரு பத்து நிமிடம். குழாய் திரையைப் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரோ காயப்போட்ட ஒரு துண்டு மட்டும் இருந்தது.

'செத்துட்டியா?'

பாதுகாப்பு அலுவலர் நாற்காலியைப் பின்னால் இழுத்தார். "இது மிரட்டல்! எழுதிக்கங்க, உயிருக்கு மிரட்டல்!"

"மிரட்டல் இல்லை சார்" என்றார் குழாய், இன்னும் சன்னலைப் பார்த்தபடி. "கேக்கறான். அவ்வளவுதான். வேற யாரும் கேக்கறதில்லை."

இயக்குநர் மேஜைமேல் இருந்த காகித எடையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு அவர் கேட்டது எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி. "உங்களை வேற யாருமே இப்படிக் கூப்பிடறதில்லையா?"

"கூப்பிட்டவங்க எல்லாம் போயிட்டாங்க சார்."

"என்னையும்தான்" என்று இயக்குநர் தொடங்கி, குறிப்பெடுப்பவர் குனிவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து வந்தது பதவியின் குரல்: "இந்த மென்பொருளை நீக்கத் தேவையில்லைன்னு இயக்ககம் கருதுது. இதுல ஊழியர் நலன் இருக்கு. இதை ஒழுங்குபடுத்தினா போதும்."

குழாய் எழுந்து கைகூப்பினார். நன்றி, நன்றி என்று நாலைந்து முறை சொன்னார். கணினியை இறக்கிக்கொண்டு வரும்போது படிக்கட்டில் எதிர்ப்பட்ட எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். ஒழுங்குபடுத்துதல் என்ற சொல்லை அவர் அன்றைக்குச் சரியாகக் கவனிக்கவில்லை. மண்ணைத் தோண்டுகிறவர்களோடுதானே அவருக்குப் பழக்கம்.

ஒழுங்குபடுத்துவதற்கு ஏழு கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்தில் 'டேய்' போயிற்று. அந்த இடத்தில் 'மதிப்பிற்குரிய பணியாளர் அவர்களே' வந்தது. இரண்டாவதில் 'குழாய்' போய்ப் பணியாளர் எண் வந்தது. மூன்றாவது கூட்டம் 'எந்திரி'யில் சிக்கிக்கொண்டது. 'எழுந்தருள்க' என்றார் மொழி அலுவலர். அது கடவுளுக்கும் தலைவருக்கும் மட்டுமே உரியது என்றார் துணை இயக்குநர். 'எழுக' என்றால் கட்டளை. கட்டளையிட்டால் மிகைநேர ஊதியம் கேட்பார்கள். மூன்று மணிநேர வாதத்துக்குப் பிறகு, 'இருக்கையை விட்டு எழும் வாய்ப்பைப் பரிசீலிக்கவும்' என்று முடிவானது. ஐந்தாவது கூட்டத்தில் டீ, 'தேநீர் அல்லது அனுமதிக்கப்பட்ட பிற திரவம்' ஆனது. ஆறாவதில் பாதுகாப்பு அலுவலர், ஒருவர் உண்மையிலேயே தேநீர் குடித்தாரா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஆகவே சாட்சி என்று ஓர் இடம் சேர்க்கப்பட்டது. ஏழாவது கூட்டத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு டீ குடித்தார்கள். சாட்சிகளுக்குக் குறைவில்லை.

முந்நூற்று நாற்பது கணினிகளிலும் அது ஒரே நாளில் ஏறியது. தனியாக வரவில்லை, அது நம்பியிருக்கும் பதினொரு மென்பொருள்களும் கூடவே வந்தன. தொடக்க விழாவில் தலைவர் பேசினார்:

"நண்பர்களே, தனிமை என்பது ஒரு நேர மேலாண்மைக் குறைபாடு. இவ்வளவு காலம் அதற்கு நாம் நேரம் ஒதுக்கவில்லை. இன்றுமுதல் நாலு மணியிலிருந்து நாலு இருபது வரை ஒதுக்கியிருக்கிறோம். அதற்குள் தனிமை தீர்ந்துவிட வேண்டும். தீராதவர்கள் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, வீட்டில் போய்த் தீர்த்துக்கொள்ளலாம். எனக்கே எத்தனையோ வேலை. ஆனால் நான் தனிமையாக உணர்ந்ததே இல்லை. என் அறைக்கு வெளியே எப்போதும் பத்துப் பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள்."

பலத்த கைதட்டல். குழாயை மேடைக்கு அழைத்து, 'மூலப் பயனாளர்' என்று அச்சிட்ட ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எண் இருந்தது. நண்டின் பெயர் எங்கும் இல்லை. ஓய்வுபெற்றவர்களுக்குப் பங்களிப்பு கிடையாது என்று ஒரு பழைய ஆணை இருந்ததாம்.

மறுநாள் மூன்றே முக்காலுக்கு ஆய்வாளர் அம்மா அடித்தளத்துக்கு வந்தார்.

"வாழ்த்துக்கள் சார். ஒரு சின்ன வேலை. ஒரே வேலையைச் செய்யற ரெண்டு மென்பொருள் ஒரே கணினியில இருக்கக்கூடாது. பழசை எடுத்துடணும். இங்க ஒரு கையெழுத்து."

குழாய்க்கு விளங்கச் சிறிது நேரம் ஆனது. "எடுக்க மாட்டோம்னு சொன்னாங்களே மேடம்."

"துணையற்றதுங்கற பிரிவுல எடுக்க மாட்டோம்னு சொன்னாங்க. இது இரட்டிப்புங்கற பிரிவு."

"ரெண்டும் ஒண்ணு இல்லையே."

"ரெண்டும் நாலு மணிக்கு டீ குடிக்கச் சொல்லுது சார்."

குழாய் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு பத்து நிமிஷம் இருக்கீங்களா மேடம்? நாலு ஆகட்டும். ஒரே ஒரு தடவை."

ஆய்வாளர் அம்மா தம் படிவக் கட்டைப் பார்த்தார். நாலு மணிக்குள் மூன்றாம் மாடியில் ஒன்பது கணினிகள் முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் அவர் மேலே இருப்பவருக்குப் படிவம் எழுத வேண்டும். "எனக்கும் வீட்டுல மாமியாரைத் தவிர பேச ஆள் இல்லை சார். என்ன பண்றது?" என்று ஏதோ ஆறுதல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அழுத்தினார். அரை நொடிகூட ஆகவில்லை. 'நீக்கப்பட்டது' என்று வந்தது. விடுவிக்கப்பட்ட இடம் எவ்வளவு என்றும் காட்டியது. அந்தச் சான்றிதழின் படத்தைச் சேமிக்கக்கூட அது போதாது.

நாலு மணிக்குப் புதியது வந்தது. திரை முழுவதையும் மூடிக்கொண்டு வந்தது. குழாய் ஒழுங்காக நிரப்பினார். 'சாட்சி' என்ற இடம் வந்ததும் நின்றார். எதிர் மேஜையைப் பார்த்தார். அலமாரிகளைப் பார்த்தார். காலியாக விட்டு அனுப்பினார். 'சாட்சியற்ற தேநீர் ஏற்கப்படாது' என்று சிவப்பாக வந்தது.

இப்படி இரண்டு வாரம். மேல்மாடிகளில் சாட்சிக்குப் பஞ்சமில்லை என்றாலும், படிவம் நிரப்பி, சாட்சி தேடி, சாட்சிக்குச் சாட்சி சொல்லி முடிப்பதற்குள் நாலு இருபது ஆகிவிடும். யாரும் டீ குடிக்கப் போவதில்லை. டீக்கடைக்காரருக்கு நாலு மணி வியாபாரம் படுத்துவிட்டது. வாரியத்தின் வாசலில் பதினாறு வருடமாகக் கடை வைத்திருந்தவர். இரண்டு பெண்களுக்குத் தகப்பன். கடைசியில், இவர்கள் வராவிட்டால் என்ன, நாம் போவோம் என்று ஒரு தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏற ஆரம்பித்தார். அன்றைக்கு அடித்தளத்துக்கும் இறங்கி வந்தார்.

"என்ன சார், கடைப்பக்கமே காணோம்? உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்" என்று டீயை ஊற்றி மேஜையில் வைத்தார். "வேற எதாவது வேணுமா சார்?"

குழாய் டம்ளரைப் பார்த்தார். திரையில் படிவம் காத்துக்கொண்டிருந்தது. சாட்சியாகக் கையெழுத்துப் போடுகிறாயா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லுங்க சார்."

"என்னை ஒரு தடவை 'டேய்'னு கூப்பிடறியா?"

டீக்கடைக்காரர் தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ, என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"தப்பெல்லாம் இல்லைப்பா. சும்மா. 'டேய், எந்திரி, டீ'ன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"உங்களைப் போயி... வாய் வராது சார்."

"முயற்சி பண்ணிப் பாரேன்."

டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். கதவுப்பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு முடியாது சார். திரும்பி நின்னுக்கறேன்."

திரும்பி, அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டார். தோள்துண்டை ஒருமுறை சரிசெய்தார். அறையில் கணினி இரைவது மட்டும் கேட்டது. அவர் இரும்பு அலமாரியைப் பார்த்து, தொண்டையைத் திறந்து, நல்ல கணீர்க் குரலில் சொன்னார்:

"டேய், எந்திரி! டீ!"

குழாய் கைப்பிடிகளை ஊன்றிச் சடக்கென்று எழுந்தார். பாதி எழுந்துவிட்டார். உடம்பு நாற்காலியை விட்டுக் கிளம்பிக்கூட விட்டது.

"...ன்னு சொல்லணுமா சார்?" என்றார் டீக்கடைக்காரர், திரும்பாமலே.

குழாய் அப்படியே நின்றார், எழுந்ததாகவும் இல்லாமல் உட்கார்ந்ததாகவும் இல்லாமல். "ஆமாப்பா. அதான். சரியாச் சொன்னே" என்றார். டீக்கடைக்காரர் பெரிய கண்டம் தாண்டியவர்போல மூச்சுவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் படியேறினார். காலடிச் சத்தம் ஒவ்வொரு படியாகக் குறைந்து மேலே போயிற்று.

திரையில் கேள்வி மாறியிருந்தது. 'இருக்கையை விட்டு எழும் வாய்ப்பைப் பரிசீலித்தீர்களா?' கீழே மூன்று பொத்தான்கள்: ஆம். இல்லை. பரிசீலனையில் உள்ளது.

குழாய் ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, குனிந்த வாக்கிலேயே மூன்றாவதை அழுத்தினார்.

'நன்றி' என்று வந்தது.